990 கணக்கு: வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஸ்டால் போடுகிறவர்களுக்கு

கண்காட்சிக்காரர்கள் எல்லோரும் "மூணுக்கு மூணு ஸ்டால்" என்றுதான் சொல்வார்கள். ஏற்பாட்டாளர் அப்படித்தான் விற்கிறார், வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஆக்டா சாமானில் மூன்று மீட்டர் என்று ஓர் அளவே கிடையாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான். பூட்டு முறுக்குகிற எல் கீயைப் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

ஆக்டா என்பது ஆக்டநார்ம் என்ற ஜெர்மன் முறையின் சுருக்கப் பெயர். எட்டுப்பட்டை அலுமினியப் போஸ்ட், 40 மி.மீ. தடிமன், எட்டுப் பக்கமும் காடி, அதாவது நீளப் பள்ளம். இரண்டு போஸ்டுக்கு நடுவில் வருகிற பீம் 950 மி.மீ. ஆக, ஒரு போஸ்டின் மையத்திலிருந்து அடுத்த போஸ்டின் மையத்துக்கு 990. மூன்று பேனல் சேர்ந்தால் 2,970. போஸ்டின் வெளிவிளிம்பையும் சேர்த்தால் 3,010. உள்ளே நின்று சுவருக்குச் சுவர் அளந்தால் 2,930தான். ஒரே ஸ்டாலுக்கு மூன்று அளவு. எந்த அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினால் சண்டையில் முடியும்.

தரையில் சாக்பீஸ் போடும்போதுதான் இந்த 30 மி.மீ. தன் வேலையைக் காட்டும். வரைபடத்தைப் பார்த்து மூன்று மீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போனால், முதல் ஸ்டாலில் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. பத்தாவது ஸ்டால் முடிகிற இடத்தில் கோடு 30 மீட்டரில் இருக்கும், போஸ்ட் 29.70இல் நிற்கும். ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைச்சல். அதற்குள் கார்பெட் வெட்டியாகிவிட்டது, எலக்ட்ரீஷியன் கோட்டைப் பார்த்து வயர் இறக்கிவிட்டார், எதிர் வரிசை இன்னொருவர் போட்ட கோட்டில் எழும்பியிருக்கிறது. நடைபாதை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் போய்விடும்.

செய்ய வேண்டியது சுலபம். வரிசையின் ஒரு முனையை மட்டும் வரைபடத்திலிருந்து எடுங்கள். அங்கிருந்து நூல் கட்டி, டேப்பை ஒரே இழுப்பாக நீட்டி 2.97, 5.94, 8.91 என்று குறியுங்கள். ஒவ்வொரு தடவையும் டேப்பைத் தூக்கி வைத்து அளந்தால் தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடும். மூலை மட்டத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து கணக்கு: ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர், குறுக்கே சரியாக 5 வந்தால் மூலை சரி. கூடத்தின் சுவரை நம்பி மூலை எடுக்காதீர்கள். பழைய கல்யாண மண்டபங்களில் சுவரே கோணலாக இருக்கும். தூண், தீயணைப்புக் குழாய்ப் பெட்டி, அவசர வழி மூன்றையும் முதலிலேயே தரையில் குறித்துவிட வேண்டும். வரைபடம் போட்டவர் தூணை மறந்திருப்பார், அது ஏதாவது ஒரு ஸ்டாலின் நடுவில் நிற்கும்.

அடுத்தது எண்ணிக்கை. லாரியில் ஏற்றுவதற்கு முன் தாளில் கணக்குப் போடாதவர்கள் இரவு இரண்டு மணிக்கு பீமுக்கு ஆள் அனுப்புகிறார்கள். தனி ஸ்டால் ஒன்றுக்கு மூன்று பக்கம் அடைப்பு: 9 பேனல், 10 போஸ்ட், 18 பீம். முன்னால் பெயர்ப்பலகைக்கு ஒரு ஃபேசியா, அதற்கு மேலும் கீழும் ஒன்றாக 2 நீள பீம். இதைப் பத்தால் பெருக்கினால் தப்பு, ஏனென்றால் வரிசையில் சுவர் பொது. முதுகோடு முதுகாக இரண்டு பக்கமும் பத்துப் பத்து, மொத்தம் 20 ஸ்டால் உள்ள தீவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுச் சுவருக்கு 30 பேனல், 31 போஸ்ட். தடுப்புச் சுவர் ஒரு பக்கத்துக்கு 11, இரண்டு பக்கமும் 22. ஒவ்வொன்றுக்கும் 3 பேனல், 3 போஸ்ட். ஆக 96 பேனல், 97 போஸ்ட், 192 பீம். நான்கு மூலை ஸ்டாலும் இரண்டு பக்கம் திறப்பு என்றால், மூலைக்கு 3 பேனல், 6 பீம், 2 போஸ்ட் கழியும்; முன்மூலைப் போஸ்ட் நிற்கும், பக்கவாட்டில் ஒரு ஃபேசியா கூடும். முடிவுக் கணக்கு 84 பேனல், 89 போஸ்ட், 168 பீம், 24 ஃபேசியா, 48 நீள பீம். இதற்கு மேல் நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் உதிரி. பீமில் மட்டும் பத்து வைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் பூட்டுதான்.

மூலை ஸ்டால் விஷயத்தை ஏற்பாட்டாளர் கடைசி நாளில் மாற்றுவார். கூடுதல் பணம் கொடுத்து ஒருவர் மூலை கேட்டிருப்பார், அல்லது இரண்டு ஸ்டாலைச் சேர்த்து ஒருவர் எடுத்திருப்பார். அப்போது நடுத்தடுப்பு எடுபடும், அங்கே ஆறு மீட்டர் நீளத்துக்கு முகப்பு திறந்து கிடக்கும். நடுப்போஸ்டையும் எடுக்கச் சொல்லி அவர் கேட்பார். அதை எடுத்தால் நீள பீம் இரண்டும் நடுவில் தாங்கல் இல்லாமல் தொய்யும். முடியாது என்று சொல்லிவிடுவதே நல்லது.

இனி எழுப்புகிற முறை. நேர்ச்சுவர் தனியாக நிற்காது, விழும். மூலையில் தொடங்கி 'ட' மாதிரி இரண்டு பக்கம் சேர்த்துவிட்டால் நிற்கும். அதனால் முதல் ஸ்டாலை மூன்று பக்கமும் முழுதாகக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். கூடத்தின் தரை ஓரிடத்தில் மேடாக இருக்கும், அந்த மேட்டிலிருந்து தொடங்குங்கள். போஸ்டின் அடியில் உள்ள திருகுக்காலைத் திருப்பி மற்றவற்றை உயர்த்தலாம், மேட்டில் நிற்பதைத் தாழ்த்த முடியாது. முதலில் போஸ்ட், பிறகு அடி பீம், மேலிருந்து பேனலைக் காடியில் இறக்கி, அதன் பிறகு தலை பீம். பீமின் இரு முனையிலும் கொக்கி மாதிரி ஒரு பூட்டு இருக்கும். காடிக்குள் நுழைத்து எல் கீயைத் திருப்பினால் கொக்கி உள்ளே இழுத்துப் பிடிக்கும். பிடித்தது கைக்குத் தெரியும், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. பலசாலிப் பையன்கள் செய்கிற தப்பு இது. கொக்கி உடையும், அல்லது சாவிக்குழி வழுக்கிப் போகும். வழுக்கினால் பிரிக்கும்போது பீமை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். இறுக்கம் போதாவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. கூட்டம் வந்து யாராவது சாய்ந்தால்தான் ஆடும்.

ஆளுக்கு இரண்டு எல் கீ, ஒன்று கயிற்றில் கட்டி மணிக்கட்டில். கார்பெட்டுக்குக் கீழே தொலைந்த சாவியைத் தேடுவதில் போகிற நேரம் கொஞ்சநஞ்சமல்ல. தலை பீம் இரண்டரை மீட்டர் உயரத்தில் வருவதால் ஏணி கட்டாயம். பிளாஸ்டிக் சேரில் ஏறி நிற்பதை மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். வழவழப்பான தரையில் சேரின் கால் விரிந்து விழுந்தால், பிடித்துக்கொள்ள அருகில் இருப்பது இன்னும் இறுக்காத சுவர்தான். அலுமினிய விளிம்பு கத்தி மாதிரி. கையுறை இல்லாமல் ஐம்பது போஸ்ட் தூக்கியவர் கையைப் பார்த்தால் தெரியும்.

பேனல் 4 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஒன்று ஏறத்தாழ ஏழு கிலோ. 84 பேனல் ஆறு குவிண்டாலுக்குக் கிட்டத்தட்ட. படுக்கப் போட்டு அடுக்கினால் நடுவில் வளையும். விளிம்பில் நிறுத்திச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். எம்.டி.எஃபுக்குத் தண்ணீர் எமன். பாலக்காடு தாண்டினால் ஜூன் முதல் மழையை எதிர்பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தால் போதும், நனைந்த விளிம்பு ஊதிக் காடிக்குள் இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்குகிறவர்கள் உண்டு. இறங்கிவிடும், பிரிக்கும்போது போஸ்டோடு சேர்ந்துதான் வரும். ஊதிய பேனலைத் தனியே ஒதுக்குங்கள். நாலைந்து பேனல் உதிரியாக எடுத்துப் போகச் சொல்வது இதற்குத்தான்.

வேறு வேறு குடோனிலிருந்து சாமான் சேர்த்து ஏற்றுவதும் ஒரு தலைவலி. அசலும் நகலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், காடி அகலத்தில் மயிரிழை வித்தியாசம். ஒன்றின் பூட்டு இன்னொன்றில் கடிக்காது. வாடகைக்கு எடுத்தால் ஒரு வரிசை முழுக்க ஒரே சரக்கு என்று பிரித்து வைத்து, முனையில் வண்ண டேப் சுற்றிவிடுங்கள்.

ஸ்டால் எடுக்கிற கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்சுவருக்கு மூன்று மீட்டர் அகலத்தில் ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வராதீர்கள். உள்ளே கிடைப்பது 2.93தான். 2.92க்கு அடித்தால் ஓரம் மடங்காமல் உட்காரும். பேனல் பேனலாக வினைல் ஒட்டுவதென்றால் கண்ணுக்குத் தெரிகிற அகலம் 950, உயரம் ஏறத்தாழ 2.4 மீட்டர். பீளமேட்டுப் பட்டறையில் மூன்று மீட்டருக்குச் செய்த மர ஸ்டாலை இரண்டு ஆக்டா தடுப்புக்கு நடுவில் நுழைக்கச் சொன்னால், அறுத்துத்தான் நுழைக்க வேண்டும். பேனலில் ஆணி அடிப்பதும் திருகு போடுவதும் கூடாது. தலை பீமில் கொக்கி மாட்டிச் சங்கிலியில் தொங்கவிடலாம்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு ஸ்டாலுக்கு மூன்று ஸ்பாட் லைட், ஒரு 5 ஆம்பியர் பிளக். விளக்கு இப்போது பிரச்சினையே இல்லை. 150 வாட் மெட்டல் ஹாலைடு காலத்தில் 20 ஸ்டாலுக்கு விளக்குக்கு மட்டும் 9 கிலோவாட் போனது, 20 வாட் எல்.இ.டி.யில் அது 1.2 கிலோவாட். வினை பிளக்கில் இருக்கிறது. 5 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,150 வாட். டீ போட 1,500 வாட் கெட்டில் ஒருவர் கொண்டுவருவார், சாம்பிள் வறுக்க 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொருவர் கொண்டுவருவார். வரிசை முழுவதும் ஒரே எம்.சி.பி.யில் (லோடு கூடினால் தானே விழுகிற ஸ்விட்ச்) இருந்தால் அத்தனை ஸ்டாலும் இருட்டு. விண்ணப்பத்திலேயே என்ன பொருள் கொண்டுவருகிறீர்கள், எத்தனை வாட் என்று எழுதி வாங்கி, அடுப்புக்காரர்களுக்குத் தனி லைன் இழுத்துவிடுவதே வழி. உணவு ஸ்டால்களை வரிசையின் ஒரு முனையில் சேர்த்து வைத்தால் வயரும் மிச்சம்.

மூன்று பேஸில் 20 ஸ்டாலை ஏழு, ஏழு, ஆறு என்று பிரித்துவிடுங்கள். அதைவிட முக்கியம் நியூட்ரல். மெயின் பெட்டியில் நியூட்ரல் திருகு தளர்ந்து கழன்றால் கரண்ட் போய்விடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போகாது. லோடு குறைந்த பேஸில் வோல்ட்டேஜ் ஏறி 400 பக்கம் போகும். லேப்டாப் சார்ஜர், டி.வி., எல்.இ.டி. டிரைவர் எல்லாம் வரிசையாகப் புகையும். நஷ்ட ஈடு யார் தருவது என்று மூன்று நாள் சண்டை நடக்கும். காலையில் கதவு திறப்பதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் திருகை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது எலக்ட்ரீஷியனின் வேலை, அதை அவரிடம் கேட்டு உறுதி செய்வது மேஸ்திரியின் வேலை. போஸ்ட், பீம் எல்லாம் அலுமினியம், ஓரிடத்தில் கசிந்தால் வரிசை முழுக்க ஷாக். கசிந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத பெட்டியில் இணைப்பு எடுக்காதீர்கள். கார்பெட்டுக்குக் கீழே வயரை முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப்போடுவது, அதன் மேல் ஆயிரம் பேர் நடப்பது, இதைவிடப் பெரிய தீ அபாயம் இந்தத் தொழிலில் இல்லை. கூடத்தில் ஒட்டுப்போடாத முழு நீள வயர்தான் போக வேண்டும்.

கூடம் இல்லாமல் மைதானத்தில் ஹேங்கர் என்கிற பெரிய கூடாரப் பந்தல் போடுகிற வேலை என்றால் காற்றைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்று பொள்ளாச்சி, கோவை வரைக்கும் அடிக்கும். கோவை கொடிசியா கண்காட்சி வளாகத்தில் வேளாண் கண்காட்சியும் புத்தகத் திருவிழாவும் நடப்பது ஜூலையில்தான். கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, வெளியே வளைவும் ஃபிளெக்ஸும் கட்டுகிறவர்களுக்குத்தான் பாடு. ஹேங்கரின் வாசல் மேற்கே பார்த்து இருக்கக் கூடாது. மேற்கே திறந்து கிழக்கே அடைத்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைப் பலூன் மாதிரி தூக்கும். மேற்குப் பக்கத்தை முதலில் அடையுங்கள், பிரிக்கும்போது அதைக் கடைசியில் அவிழுங்கள். முகப்பு வளைவில் ஃபிளெக்ஸ் கட்டினால் ஆங்காங்கே காற்றுப்போக வெட்டு விட வேண்டும். அதைக் கிழிசல் என்று ஏற்பாட்டாளர் கோபிப்பார். வளைவு விழுந்தால் அதைவிட அதிகம் கோபிப்பார்.

முளை அடிப்பதில் மண்ணைப் பார்க்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கரிசல். வெயிலில் இரும்பு மாதிரி பிடிக்கும், ஒரு மழை பெய்தால் வெண்ணெய். அங்கே ஒரு முழ முளை போதாது, இரண்டு முழமாவது இறங்க வேண்டும். தலை பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மழைக்குப் பிறகு ஒவ்வொரு கயிற்றையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தார் போட்ட தரையில் முளை இறங்காது. கான்கிரீட் கட்டைகளைத்தான் எடையாக வைக்க வேண்டும். தண்ணீர் டிரம் வைப்பவர்கள் அது ஒழுகுகிறதா என்று தினமும் பார்ப்பதில்லை.

வாளையாரில் கேரள எல்லை தாண்டுகிற விஷயத்துக்கு வருவோம். சரக்கு விற்பனைக்கு இல்லை என்றாலும் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் டெலிவரி சலானும் இ-வே பில்லும் வேண்டும். வாளையார் வரிச் சாவடி ஜி.எஸ்.டி.யோடு போய்விட்டது, அதை நம்பிக் காகிதம் இல்லாமல் போகாதீர்கள். வழியில் வரித்துறை ஸ்குவாட் நிறுத்தும். இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. எடுத்த நாளுக்கு மறுநாள் நள்ளிரவு வரை செல்லும். திரும்பி வருவதற்குத் தனி பில். போகும்போது எழுதிய எண்ணிக்கையும் வரும்போது எழுதுகிற எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் சாலையில் பேச்சு குறையும். தாளில் போட்ட கணக்கு இங்கேயும் உதவும்.

கேரளத்தில் லாரியிலிருந்து சரக்கு இறக்குவது அந்த ஊர்ப் பூல் (அந்தப் பகுதிச் சுமை இறக்கும் குழு) தொழிலாளிகளின் வேலை. 1978ஆம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் சட்டப்படி பதிவும் அட்டையும் உள்ளவர்கள் அவர்கள். நம் ஆட்கள் பத்துப் பேர் லாரியிலேயே வந்திருந்தாலும், கேட்காமல் கயிற்றை அவிழ்த்தால் வேலை நின்றுபோகும். சும்மா நின்று பார்த்ததற்குக் கேட்கிற நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசே ஒழித்துவிட்டது. அதையும் இறக்குகூலியையும் நம்மவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இறக்கினால் கூலி நியாயம், அதற்கு ரேட் உண்டு. முந்தின நாளே கூடத்தின் மேனேஜரிடம் பூல் லீடர் யார் என்று கேட்டு, ரேட் எதன் மேல் என்று பேசிவிடுங்கள்: டன்னா, எண்ணிக்கையா, டிராலியா. சில்லறைச் சில்லறையாக 168 பீமையும் 89 போஸ்டையும் எண்ணி இறக்கினால் பொழுதும் போகும், பணமும் போகும். போஸ்ட் பத்துப் பத்தாகக் கட்டு, பீம் இருபத்தைந்து ஒரு கிரேட், பேனல் சக்கர ஸ்டாண்டில். ரசீது கேளுங்கள். தளத்துக்கு வந்த பிறகு பொருத்துகிற வேலை நம்முடையது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். "சேட்டா" என்று தொடங்கி மலையாளத்தில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஆள் ஒருவர் குழுவில் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பையன்களுக்கு இரண்டு மொழியும் வீட்டிலேயே வரும். அதனாலேயே அவர்களை இரண்டு பக்க மேஸ்திரிகளும் விடுவதில்லை.

ஆட்களிடம் கூலி பேசும்போது எத்தனை மணி நேரம் ஒரு ஷிப்ட், இரவு பன்னிரண்டு தாண்டினால் என்ன, சாப்பாடு யாருடையது, பிரிக்கிற நாளுக்குத் திரும்பி வருகிற பஸ் செலவு யாருடையது என்ற நாலையும் பேசிவிடுங்கள். நடுவில் மூன்று நாள் கண்காட்சி நடக்கும்போது ஆளுக்கு வேலை இருக்காது. அந்த மூன்று நாளும் சம்பளம் உண்டா என்பதில்தான் அதிகம் மனஸ்தாபம் வருகிறது.

பிரிப்பது கட்டுவதைவிட வேகம், ஆபத்தும் அதிகம். கடைசி நாள் ஐந்து மணிக்கே கம்பெனிக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்குவார்கள், நம் ஆட்களும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்கள். முதலில் கரண்ட். எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கி, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருக்கும் வரை யாரும் ஸ்பாட் லைட்டைத் தொடக் கூடாது. பிறகு ஃபேசியா. வரிசையின் நடுவில் கை வைக்காமல் ஒரு முனையிலிருந்து, தடுப்பை முன்னிருந்து பின்னாக. நடுச்சுவரைத் தடுப்புகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவசரத்தில் தடுப்பையெல்லாம் முதலில் எடுத்துவிட்டால் முப்பது பேனல் நடுச்சுவர் மொத்தமாகச் சாயும், அதன் மறுபக்கம் யாராவது குனிந்து கார்பெட் உரித்துக்கொண்டிருப்பார். கார்பெட்டை உரிப்பது எல்லாச் சுவரும் இறங்கிய பிறகு.

இருபக்க டேப்பின் பசை தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும், மண்டபக்காரர் டெபாசிட்டில் கழிப்பது அதற்குத்தான். சூடு ஆறிப் பழசானால் கல் மாதிரி ஆகிவிடும், உரித்த கையோடு சுரண்டித் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்துவிட வேண்டும். தின்னரை எடுக்கும்போது பக்கத்தில் பீடி கூடாது. கட்டுகளை எண்ணி லாரியில் ஏற்றுகிறவர் கையில் போன தாளே இருக்கட்டும்: 84, 89, 168, 24, 48, உதிரி தனி. குறைகிற பீம் ஒன்றிரண்டு எப்போதும் சுருட்டிய கார்பெட்டுக்குள்தான் இருக்கும். ரோலை லாரியில் போடுவதற்கு முன் ஒருமுறை தூக்கி உலுக்கிப் பாருங்கள்.